பாபிலோனில் வீடு கட்டுதல்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, கோயில் வாசலில் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பது எங்கள் சபைகளில் வழக்கம். ஆளுக்கு ஓர் அட்டையை எடுத்து, அதிலுள்ள வசனத்தை வரும் ஆண்டுக்கெனக் கர்த்தர் தந்த வார்த்தையாக ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போவோம். ஓர் ஆண்டு என் கணவர் எடுத்த அட்டையில் எரேமியா 29-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனம் இருந்தது: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பிரிட்ஜ் கதவில் அதை ஒட்டி வைத்தார். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். சொந்தமாக வீடு வாங்க வங்கிக் கடன் விசாரித்துக்கொண்டிருந்தோம். ஆகவே நாங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு எதுவென்பதில் எங்களுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

அந்த மார்ச் மாதத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வயது 52. காலையில் காப்பி டம்ளரை எடுத்தவரின் வலது கையிலிருந்து அது நழுவியது; குனிந்து துடைக்கப் போன நான் நிமிர்ந்து பார்த்தபோது வாயின் ஒரு பக்கம் கோணியிருந்தது; என்னவோ சொல்ல வந்தார், சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விழுந்தன. விசுவாசத்தைப் பற்றிய கட்டுரையில் இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், வாசிப்பவர்களில் யாருக்காவது நாளைக்கே இது தேவைப்படலாம். முகம் கோணுவது, கை தொங்குவது, பேச்சு குழறுவது ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் 108-ஐ அழைத்துவிடுங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை ஏறக்குறைய நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன் உண்டு. அதற்கு முன்னர் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஜெபிப்பதை ஆம்புலன்ஸில் உட்கார்ந்துகொண்டு செய்யலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

உயிர் தப்பியது. மூளையின் இடது பாகத்தில் பாதிப்பு என்பதால் வலது கையும் பேச்சும் போயின. நாம் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரியும். அவர் சொல்ல நினைப்பதுதான் வாய்க்கு வராது. இதற்கு அஃபேசியா என்று பெயர் என மருத்துவர் விளக்கினார். நாள் முழுவதும் தொலைபேசியில் பேசியே பிழைத்த ஒரு கணக்கு மேலாளருக்கு இது நேர்ந்தது. மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நிறுவனம் சில மாதங்கள் பொறுத்தது. பிறகு சேர வேண்டிய பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டது. காரை விற்றோம். நான் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். அந்த வேலையை விட்டேன். மகளை விடுதியில் சேர்த்துவிட்டு, பாளையங்கோட்டையில் அத்தை, அதாவது என் கணவரின் தாய், தனியாக இருந்த வீட்டுக்கு நாங்கள் இருவரும் வந்து சேர்ந்தோம். இவற்றில் எதையும் நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

பார்க்க வந்தவர்கள் அனைவரும் நல்லவர்கள், அன்பினால் வந்தவர்கள். அவர்கள் சொன்னதெல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான்: மூன்று மாதத்தில் பழையபடி ஆபீஸ் போய்விடுவார், கர்த்தர் கைவிட மாட்டார். பிரிட்ஜ் கதவில் இருந்த அட்டையைச் சுட்டிக்காட்டி, வாக்குத்தத்தம் இருக்கிறதே என்று சொன்னவர்களும் உண்டு. அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. இத்தனை வருடங்கள் அந்த ஒரு வசனம் மனப்பாடமாக இருந்தும், அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது என்பதை நான் பொருட்படுத்தியதில்லை. நம்மில் பலரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அட்டையில் அச்சிடும்போது முன்னும் பின்னும் வெட்டிவிடுகிறார்கள்.

கிறிஸ்துவுக்கு முன் 597-இல், எகொனியா ராஜாவும் எருசலேமின் கைவினைஞர்களும் பிரபுக்களும் பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டபின், அவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக நின்று, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பி வந்துவிடும், ராஜா வருவான், ஆலயத்தின் பாத்திரங்கள் வரும் என்று கர்த்தர் சொன்னதாகச் சொல்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தை எடுத்து உடைத்தும் போடுகிறான். எரேமியா முதலில் சொன்ன மறுமொழிதான் என்னை நிறுத்தி வைத்தது: "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அவருக்கும் அதுதான் விருப்பம். ஆனால் நடக்கப் போவது அதுவல்ல என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே கடிதத்தில் அவர் எழுதியது வேறு: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், நீங்கள் கொண்டுபோகப்பட்ட பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம் செய்யுங்கள். பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்பு உங்களைச் சந்திப்பேன் என்கிறது 10-ஆம் வசனம். அதற்கு அடுத்ததுதான் எங்கள் அட்டையில் இருந்தது. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகும் நாளைப் பார்க்காமலேயே பாபிலோனில் இறந்திருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் "தீமைக்கல்ல" என்று எழுதப்பட்டது.

இதை வாசித்தபின் எனக்கு ஆறுதல் உடனே வந்துவிடவில்லை. கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்பது தெரிந்தது. அவர் குணமடைய வேண்டும் என்ற ஜெபத்தை நாங்கள் விடவில்லை, இன்றும் விடவில்லை. அதற்கு எரேமியாவைப்போல ஆமென் சொல்லலாம். ஆனால் அந்த நாள் வரும்வரை வாழ்க்கையைப் பெட்டியில் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கக் கூடாது. வந்து சேர்ந்த இடத்தில் வீடு கட்ட வேண்டும்.

எங்கள் விஷயத்தில் அது உண்மையாகவே கொத்தனார் வேலையில் தொடங்கியது. அத்தையின் வீடு பழைய வீடு. வாசற்படி உயரம், கழிப்பறை தரையோடு இருப்பது, குளியலறைத் தரை வழுக்கும். சாய்தளம் போடவும், மேற்கத்திய கழிப்பறை வைக்கவும், சுவரில் எஃகுக் கைப்பிடி பதிக்கவும் ஆளை வரவழைத்தேன். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "அதெல்லாம் எதுக்கும்மா, அவன் நல்லாயிருவான்லா" என்றார்கள். கைப்பிடி பதித்தால் மகன் இப்படியேதான் இருப்பான் என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாக அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்தத் தாய் மனதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கைப்பிடி வந்தபின்தான் அவர் கதவைச் சாத்திக்கொண்டு தானாகக் குளித்தார். ஒரு பெரிய மனிதர் அத்தனை மாதங்களாக மனைவியின் கையால் குளித்துக்கொண்டிருந்தது அன்றோடு நின்றது. வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்த அத்தை, அடுத்த நாளே கட்டிலருகிலும் ஒன்று வைக்கச் சொன்னார்கள்.

வீடு கட்டுவதில் சேர்ந்த இன்னொன்று காகித வேலை. வங்கிக் கணக்கு, ஆயுள் காப்பீடு, வருங்கால வைப்பு நிதி எல்லாம் அவர் பெயரில் இருந்தன. கடவுச்சொற்கள் அவர் மனதில் இருந்தன. அவரால் சொல்லவும் முடியாது, வலது கையால் கையெழுத்துப் போடவும் முடியாது. வங்கியில் இடது கைப் பெருவிரல் ரேகையைப் பதிந்து ஒவ்வொன்றாக மாற்றி முடிக்க எவ்வளவு அலைச்சல் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்று கர்த்தர் சொன்னது எழுதி வைக்காமலிருப்பதற்கான அனுமதியல்ல. கணக்குகளை இருவர் பெயரிலும் வையுங்கள். வாரிசு நியமனம் செய்யுங்கள். எது எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வீட்டில் இன்னொருவருக்குக் காட்டுங்கள். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் மாற்றுத்திறனாளிச் சான்றும் அடையாள அட்டையும் வாங்கலாம். அதை வாங்குவதற்கு மனத்தடை இருக்கும், இருந்தாலும் வாங்குங்கள்.

இனி ஜெபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபைகளில் மனதிலிருந்து சொந்த வார்த்தையில் ஜெபிப்பதற்குத்தான் மதிப்பு. ஜெபப்புத்தகத்தைப் பார்த்து ஜெபிப்பவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பவர்களும் உண்டு. எனக்கு அந்த மாதங்களில் சொந்த வார்த்தை எதுவும் வரவில்லை. முழங்காலில் நின்றால் மருந்துச் சீட்டும் மகளின் கட்டணமும்தான் மனதில் ஓடின. சிறு வயதில் பாளையங்கோட்டையில் பாட்டி கற்றுக்கொடுத்த காலை ஜெபமும் இரவு ஜெபமும் இருந்தன. அவற்றைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். உணர்ச்சி இல்லாமல் சொன்னால் அது ஜெபமாகுமா என்ற கேள்வி எனக்கும் இருந்தது. அதற்கான பதில் நான் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது.

பாளையங்கோட்டைக்கு வந்த புதிதில், ஒரு மாலை குடும்ப ஜெபத்தின் முடிவில் அத்தை வழக்கம்போல் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினார்கள். நானும் சேர்ந்தேன். "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக" என்னும்போது மூன்றாவதாக ஒரு குரல் கேட்டது. தண்ணீர் என்ற ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் அன்று மத்தியானம் அழுத மனிதர், கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் குழறலாக ஆனால் வரிசை தப்பாமல், "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று சொல்லிக்கொண்டே போனார். ஆமென் சொல்லி முடித்ததும் அவரிடம் ஏதோ கேட்டேன், பதில் வரவில்லை. மறுபடி பழைய மௌனம்தான்.

அற்புதம் என்று அத்தை ஊர் முழுவதும் சொன்னார்கள். பேச்சுப் பயிற்சி அளிக்கும் பெண்ணிடம் கேட்டேன். இது அடிக்கடி காணப்படுவதுதான் என்றார். நாமாக யோசித்துச் சொல்லைத் தேர்ந்து பேசும் வழி வேறு. பல்லாயிரம் தடவை சொல்லிச் சொல்லிப் பதிந்த ஜெபம், எண் வரிசை, கிழமைகளின் பெயர், பாட்டு ஆகியவை வரும் வழி வேறு. முதலாவது அடைபட்டாலும் இரண்டாவது பலருக்குத் திறந்திருக்கும். பாட்டின் ராகத்தைப் பிடித்துக்கொண்டு பேச்சை வெளியே கொண்டுவரும் பயிற்சி முறையே ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கீர்த்தனைகள் அந்தப் பயிற்சிக்குப் பாடப்புத்தகமாயின. மருத்துவ விளக்கம் தெரிந்ததால் எனக்கு அது அற்புதமாகத் தோன்றாமல் போகவில்லை. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஓர் உபதேசியாரும் ஒரு பாட்டியும் அத்தைக்குள் போட்டதை, அத்தை அவருக்குள் போட்டிருக்கிறார்கள். அவர் பேச்சு போன நாளில் அது அங்கே இருந்தது. உணர்ச்சியோடு சொன்னவை எவை, தூங்கி வழிந்துகொண்டு சொன்னவை எவை என்ற பிரிவினை அங்கே இல்லை.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, நன்றாக இருக்கும்போதே மனப்பாடம் செய்யுங்கள் என்பதுதான். கர்த்தருடைய ஜெபம், 23-ஆம் சங்கீதம், 46-ஆம் சங்கீதம், சில கீர்த்தனைகள். கைப்பேசியில் வேதாகமம் இருப்பது நல்லதே. ஆனால் ஸ்கேன் அறைக்குள் கைப்பேசி வராது. பிள்ளைகள் அர்த்தம் தெரியாமல் ஒப்பிக்கிறார்களே என்று ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் வருத்தப்பட வேண்டாம். அர்த்தம் ஒருநாள் தேடிக்கொண்டு வந்து சேரும்.

அடுத்து, புலம்பல். எங்கள் சபைகளில் சாட்சி சொல்வதற்கு ஒரு வடிவம் இருக்கிறது: நோய் வந்தது, மருத்துவர் கைவிரித்தார், ஜெபித்தோம், கர்த்தர் அதிசயம் செய்தார், ஸ்தோத்திரம். முடிவு வராதவர்களுக்கு மேடை கிடையாது. எனக்கும் ஒரு கூட்டத்தில் சாட்சி சொல்ல அழைப்பு வந்தது; "அண்ணன் பேச ஆரம்பிச்ச பிறகு சொல்லலாம்" என்று அவர்களே ஒத்தி வைத்தார்கள். ஆனால் 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவை முடிவு தெரியாமல் நின்று கேட்பவைதான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதமோ கடைசி வரியிலும் வெளிச்சத்துக்கு வருவதில்லை. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர் என்ற முறையீட்டோடு நின்றுவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள் ஒரு நல்ல முடிவைச் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. ஆராதனையில் பாடுவதற்கென்றே அப்படி விட்டுவிட்டார்கள். துக்கத்தில் இருப்பவருக்கு வசனம் அனுப்ப விரும்புகிறவர்கள் ஒரு முறையாவது இந்தச் சங்கீதத்தை அனுப்பிப் பாருங்கள். எனக்கு அப்படி அனுப்பியவர் ஒரே ஒருவர்தான். அவர் கணவரை இழந்தவர்.

பார்க்க வருபவர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். யோபுவின் நண்பர்களை நாம் எப்போதும் திட்டுகிறோம். ஆனால் வாயைத் திறப்பதற்கு முன் அவர்கள் இரவுபகல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று வேதம் சொல்கிறது. அவ்வளவோடு எழுந்து போயிருந்தால் உலகத்தின் மிகச் சிறந்த நண்பர்கள் என்று பெயர் வாங்கியிருப்பார்கள். எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார்கள். மாலையில் வருவார்கள், எங்கள் அடுக்களையிலிருந்து சின்ன வெங்காயத்தை முறத்தில் எடுத்துக்கொண்டு திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து உரிப்பார்கள். அவரிடம் கேள்வி கேட்க மாட்டார்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் கேள்வி கேட்பது அவரைத் துன்புறுத்துவது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. நான் அந்த நேரத்தில் கொஞ்சம் படுத்து எழுவேன். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்களிடம் நான் எதையும் கேட்டதில்லை. பின்னாளில் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன்: யாராவது அப்படிச் சொன்னால், "வியாழக்கிழமை பிசியோதெரபிக்கு ஆட்டோ வரைக்கும் கூட்டிட்டுப் போக ஓர் ஆள் வேணும்" என்று உடனே ஒரு வேலையைச் சொல்லிவிடுவது. ஆச்சரியம் என்னவென்றால், பலரும் அதற்காகவே காத்திருந்தவர்கள்போல வந்தார்கள்.

வேறு சிலரும் வந்தார்கள். எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டு, இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவதுதான் விசுவாசத்தின் அடையாளம் என்று சொன்ன ஓர் ஊழியரை நான் மரியாதையாக வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். மறுபடி வரவில்லை. பக்கவாதம் வந்தவர் மாத்திரையை நிறுத்தினால் அடுத்த தாக்குதலுக்குக் கதவைத் திறந்து வைத்ததாகும். இதில் தயவுதாட்சண்யம் பார்க்காதீர்கள். சொல்பவர் எவ்வளவு பெரிய பெயர் உடையவராக இருந்தாலும் பார்க்காதீர்கள்.

சில மாதங்களில் அவர் சாப்பாட்டைத் தள்ளிவைக்கவும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கவும் தொடங்கினார். பக்கவாதத்துக்குப் பின் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருவதுண்டு என்று மருத்துவர் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். உறவினர் ஒருவர் இது விசுவாசக் குறைவு என்றார். எலியாவைப் பாருங்கள் என்று சொன்னேன். வானத்திலிருந்து அக்கினியை இறக்கிய அதே எலியா, மறுபக்கம் சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். கர்த்தர் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தம் தூதனைக் கொண்டு தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றார். மறுபடி தூங்க விட்டார். மறுபடியும் சாப்பிடு என்றார். பேச்செல்லாம் நாற்பது நாள் கழித்து ஓரேபில்தான். அந்த வரிசையை நான் பின்பற்றினேன்: சாப்பாடு, தூக்கம், மாத்திரை, பிறகு மற்றவை. பராமரிக்கும் நமக்கும் அதே வரிசைதான் பொருந்தும்.

டோனாவூர் எங்களுக்குத் தூரமில்லை. அங்கே பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல் என்ற மிஷனரி அம்மையார் 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்து காலை முறித்துக்கொண்டார். கொஞ்ச நாளில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் எண்ணினார்கள். 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய 20 ஆண்டுகள், பெரும்பாலும் ஒரே அறையில் வலியோடு இருந்தார். அங்கிருந்தே பல புத்தகங்கள் எழுதினார். அவரைப் பற்றிப் பேசுபவர்கள் அந்த இருபது ஆண்டுகளை ஒரு வாக்கியத்தில் கடந்து போவது எனக்கு இப்போது பொறுக்கவில்லை. விழுந்த முதல் வருடத்தில் எத்தனை பேர் அவரிடம் "மூன்று மாதத்தில்" என்று சொல்லியிருப்பார்கள்! அவர் கேட்டபடியே கல்லறைக்குக் கல் வைக்காமல், பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை வைத்து, அதில் தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லை மட்டும் பொறித்திருக்கிறார்கள். அங்கே என் கணவரைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் தொட்டியைப் பார்த்ததைவிடப் படுக்கையிலிருந்தே வேலை நடந்தது என்ற செய்தியைத்தான் திரும்பத் திரும்ப விரலால் சுட்டிக் கேட்டார்.

அவருக்கு வேலை கிடைத்தது அதற்குப் பிறகுதான். எங்கள் சேகரத்தின், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின், கணக்கைப் பார்த்துவந்த பொருளாளர் ஒருநாள் வரவு செலவு நோட்டை எங்கள் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே அத்தையோடு பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது, இவர் இடது கையில் பென்சிலைப் பிடித்து ஒரு கூட்டலின் பக்கத்தில் கோணலாக ஒரு வட்டம் போட்டிருந்தார். கூட்டிப் பார்த்தோம், 90 ரூபாய் தவறு. அஃபேசியா பலருக்கு எண்களையும் குலைத்துவிடும். இவருக்கு எப்படியோ அது பெருமளவு தப்பியிருந்தது. அன்றிலிருந்து மாதக் கடைசியில் நோட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கையாக வந்த காய்கறியும் கோழியும் பூசணிக்காயும் ஏலம் போகும்போது கணக்கு மேசையில் அவர்தான் உட்காருகிறார். ஏலம் கூறுபவர் குரல் உயர உயர, இவர் இடது கையால் தொகையை எழுதி, பணத்தை எண்ணி டப்பாவில் போடுகிறார். ஒரு தேங்காய்க்கு 700 ரூபாய் வரை போகும். அப்போது அவர் சிரிப்பதைப் பார்க்க வேண்டும். பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும் என்ற வசனத்தின் நடைமுறை இப்படியும் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. சபையார் நோயாளிகளுக்காக ஜெபிக்கிறோம், நல்லதுதான். அவர்களிடம் ஏதாவது ஒரு வேலையைக் கேட்கவும் செய்யலாம். கேட்கப்படாமல் இருப்பது நோயைவிட அதிகமாக மனிதரை ஒடுக்கிவிடுகிறது.

மகளைப் பற்றி ஒரு சொல். அவளுக்குக் கோபம். விடுதியிலிருந்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு வர மறுத்தாள். அப்பா என்ன தப்பு செய்தார் என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை என்று சொன்னேன். வற்புறுத்த வேண்டாம் என்று சேகர குருவானவர் சொன்னது சரியான ஆலோசனை. அவள் வராவிட்டாலும், மாலையில் குடும்ப ஜெபம் நடக்கும்போது அந்த அறையை விட்டுப் போகவில்லை. அப்பா கர்த்தருடைய ஜெபம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது கோவையில் வேலையில் இருக்கிறாள். எப்போதாவது கோயிலுக்குப் போகிறாள், எப்போதாவது போவதில்லை. நான் விசாரிப்பதில்லை.

"இயேசுகிறிஸ்து நேற்றும் இன்றும் என்றும் மாறாதவராயிருக்கிறார்" என்ற எபிரெயர் நிருபத்தின் வசனத்தை எங்கள் பக்கத்தில் பலர் வீட்டு முகப்பிலேயே பதித்து வைத்திருப்பார்கள். அதற்கு முந்தைய வசனம், உங்களுக்குத் தேவவசனத்தைப் போதித்து உங்களை நடத்தினவர்களின் நடக்கையின் முடிவை நினைத்துப் பாருங்கள் என்கிறது. அவர்கள் போய்விட்டார்கள் என்பது அதில் அடங்கியிருக்கிறது. அவர் மாறாதவர் என்பதால் நம் வீடும் வேலையும் உடலும் மாறாது என்று அந்த நிருபம் எங்கும் சொல்லவில்லை. சில வசனங்கள் தள்ளி, "நிலையான நகரம் நமக்கு இங்கே இல்லை" என்றே சொல்கிறது. இந்த இரண்டையும் ஒரே அதிகாரத்தில் வைத்து வாசிக்கப் பழகியபின் எனக்குத் தடுமாற்றம் குறைந்தது. முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். திண்ணையில் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருக்கும்போது, சென்னையில் என்னோடு வேலை பார்த்தவர்கள் தலைமையாசிரியர் ஆனார்கள் என்று கேள்விப்பட்டால் அன்று இரவு தூக்கம் வருவதில்லை.

இப்போது அவருக்குச் சுமார் நாற்பது ஐம்பது சொற்கள் தானாக வரும். வலது கை தோள்வரை உயரும், விரல்கள் மூடித் திறக்காது. அத்தைக்கு 84 வயதாகிறது. ஒரு கண்ணில் புரை, அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் பழகிவிட்ட குருவானவருக்கு இந்த மே மாதத்தில் வேறு சேகரத்துக்கு மாறுதல் வந்திருக்கிறது. சபையார் பலருக்கு வருத்தம். மனு கொடுக்கலாமா என்றுகூடப் பேசுகிறார்கள். புதியவர் பொறுப்பேற்பதற்கு முன் கணக்கை முடித்து ஒப்படைக்க வேண்டுமென்பதால், மூன்று ஆண்டுக்கான நோட்டுகளும் ரசீதுக் கட்டுகளும் எங்கள் திண்ணை மேசைக்கு வந்துவிட்டன. அவர் முதல் வருடத்தை முடித்து இரண்டாவதில் இருக்கிறார். ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கிக் கொடுப்பது என் வேலை.